உட்கார்ந்த கால், நின்ற கால்

ஓடுகிறவருக்குக் காலில் வலி வந்தால் பழி முதலில் ஷூ மீது விழும். அடுத்தது தரை. அதற்கும் அடுத்தது, பாதம் எப்படி விழுகிறது, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்கிற ஆராய்ச்சி. விசாரணை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். தினமும் முக்கால் மணி நேரம் ஓடுகிறவரின் கால், மீதி இருபத்து மூன்றேகால் மணி நேரம் எங்கே எப்படி இருந்தது என்று பயிற்சியாளர் கேட்பதில்லை, ஓடுகிறவரும் சொல்வதில்லை. ஓட்டக் காயங்களில் நல்ல பங்கு அந்த மீதி நேரத்தில்தான் உருவாகிறது என்பது என் எண்ணம்.

ஷூவைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்க ராணுவத்தின் பயிற்சி முகாம்களில் ஜோசப் நேபிக்கும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள் 2009, 2010 ஆண்டுகளில் வெளிவந்தன. தட்டைப் பாதத்துக்கு ஒரு ஷூ, வளைந்த பாதத்துக்கு இன்னொரு ஷூ என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தது ஒரு குழுவுக்கு. மற்றொரு குழுவில் எல்லோருக்கும் ஒரே வகை. பயிற்சி முடிந்தபோது இரு குழுக்களுக்கும் காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனாலும் கடைக்குப் போனால் நம் பாதத்தை அளந்து, பத்தாயிரம் ரூபாய் ஷூவை நம்பிக்கையோடு எடுத்து நீட்டுகிறார்கள்.

சென்னையின் எந்த மைதானத்துக்கும் விடியற்காலையில் போனால் இரண்டு வகை ஓட்டக்காரர்களைப் பார்க்கலாம். ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கணினி வேலை பார்ப்பவர். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கார்மின் கடிகாரம், காலில் தரமான ஷூ, மனதில் ஜனவரி மாத மாரத்தான். இன்னொருவருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. தி.நகரிலோ புரசைவாக்கத்திலோ ஜவுளிக்கடையில் வேலை, கடை விடுதியிலேயே தங்கல். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக ஓடுகிறார். உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். கால் போனால் முதலாமவருக்குப் பதக்கம் போகும். இரண்டாமவருக்கு அரசு வேலை போகும். இரண்டு கால்களையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியது இதனால்தான்.

மைதானத்தில் இரண்டு கால்களுக்கும் ஒரே வேலைதான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 முதல் 180 அடி. ஒவ்வொரு முறை பாதம் விழும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை கால் வழியாக மேலே ஏறுகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் நாண் வாங்கும் இழுவை அதையும்விட அதிகம். அரை மணி ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் இது இரண்டாயிரத்து ஐந்நூறு தடவை நடக்கிறது. எலும்பிலும் நாணிலும் கண்ணுக்குத் தெரியாத சிதைவு உண்டாகிறது. உடல் அதைப் பழுதுபார்த்து முன்னைவிட உறுதியாகக் கட்டுகிறது. நாணைப் பற்றி டென்மார்க்கில் நடந்த ஆய்வுகளின்படி, கடுமையாக ஓடிய பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அங்கே கட்டுவதைவிடக் கரைவதுதான் அதிகம். அதற்குப் பிறகே கட்டுவது மிஞ்சுகிறது. ஆகவே ஓடி முடித்தபின் வரும் ஒன்றரை நாளைக் கால் எப்படிக் கழிக்கிறது என்பது ஓட்டத்துக்குச் சமமான விஷயம். இரண்டு பேரும் பிரிவது இந்த இடத்தில்தான்.

கணினிக்காரர் குளித்துவிட்டுக் காரில் ஏறுகிறார். அங்கிருந்து நாற்காலி. இரவு வரை நாற்காலி. உட்கார்ந்தே இருப்பதைப் பற்றி ஊரெங்கும் ஒரு பயம் பரவியிருக்கிறது: இடுப்பின் முன்பக்கத் தசை குறுகிவிடும், பின்புறத் தசை தூங்கிப்போகும், அதனால்தான் ஓடும்போது முழங்கால் வலிக்கிறது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் அடித்துச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததால் பின்புறத் தசை வேலை செய்ய மறந்துவிட்டது, அதனால் இந்த ஓட்டக்காயம் வந்தது என்று சங்கிலி பிடித்துக் காட்டும் சான்று மெலிந்தது. எழுந்து நாலு படி ஏறினாலே அந்தத் தசை தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது.

நாற்காலி உண்மையிலேயே படுத்தும் இடங்கள் வேறு. முதலாவது முழங்கால் சில்லு. மடக்கிய நிலையில் நெடுநேரம் வைத்தால் சில்லு தொடை எலும்போடு அழுந்தியே இருக்கும். மூன்று மணி நேரப் படம் பார்த்துவிட்டு எழும்போது முட்டிக்குள் ஒரு கடுப்பு வருகிறதே, ஓட்டக்காரர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் முட்டி வலியை மருத்துவர்கள் அடையாளம் காணும் குறிகளில் அதுவும் ஒன்று. காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிய முட்டியை அடுத்த நான்கு மணி நேரம் அப்படியே மடக்கி வைத்தால், மாலை படியிறங்கும்போது அது முனகத்தான் செய்யும்.

இரண்டாவது இடம், பின்தொடைத் தசையின் நாண் இடுப்பெலும்பில் போய் ஒட்டும் இடம். நாம் எந்த எலும்பின் மேல் உட்காருகிறோமோ அதே எலும்பு. ஓட்டத்தில் இழுபட்ட நாண் நாற்காலியில் நசுங்குகிறது. வேகப் பயிற்சி செய்கிறவர்களுக்கும் மேடேறி ஓடுகிறவர்களுக்கும் இந்த வலி வரும். வந்தால் கார் ஓட்டுவதே தண்டனையாகிவிடும். பலரும் இதை இடுப்பு நரம்பு வலி என்று நினைத்துக்கொண்டு, குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள். அது அந்த நாணை இன்னும் அழுத்தும்.

மூன்றாவதுதான் பெரியது. நாற்காலி வேலை வாரத்தைச் சாய்த்துவிடுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை கூட்டங்கள், இரவு அழைப்புகள், ஓட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எல்லாவற்றையும் சேர்த்து ஓடிவிடுவது. 2025இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கார்மின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. முந்தைய 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காய அபாயம் தெளிவாகக் கூடியிருந்தது. இரட்டிப்புக்கும் மேல் போனவர்களுக்கு அது இரு மடங்கைத் தாண்டியது. வாரக் கணக்கில் தூரம் கூடியதற்கும் காயத்துக்கும் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. ஒரே நாளில் ஏறும் ஏற்றம்தான் ஆளை வீழ்த்துகிறது. உட்காருகிறவரின் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அந்த ஏற்றம்தான்.

இனி மற்றவரின் நாள். ஐந்து மணிக்கு மைதானம், ஆறரைக்கு விடுதி, ஒன்பதரைக்குக் கடை. அதன்பிறகு இரவு ஒன்பது, பத்து வரை நிற்பது. சேலைப் பிரிவில் நிற்கும் ஒரு பையனின் முகத்தை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பாதத்தைப் பாருங்கள். முதல் அரை மணி இரண்டு காலிலும் சமமாக நிற்பான். பிறகு எடை இடது காலுக்குப் போகும். வலது பாதம் இடது பாதத்தின் மேல் ஏறி உட்காரும். சிறிது நேரத்தில் அது மாறும். தசை சோர்ந்ததும் முழங்கால் பின்னால் பூட்டிக்கொள்ளும். அப்போது எடையைத் தாங்குவது தசையில்லை, மூட்டும் தசைநாரும். மேல் அடுக்கில் இருக்கும் சேலைக் கட்டை எடுக்க முன்பாதத்தில் எம்புவான். ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்று அவனுக்கே தெரியாது. தேய்ந்த ரப்பர் செருப்பு நழுவாமலிருக்க ஒவ்வோர் அடிக்கும் கால்விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்கும். மாலையில் பாதம் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் தோலில் தெரியும்.

இவ்வளவையும் நாம் பயிற்சியில் சேர்ப்பதில்லை. அவன் கால் சேர்த்துக்கொள்கிறது. உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை ஓடும் கெட்டியான பட்டையில் வரும் வலியைக் குதிகால் வலி என்று பொதுவாகச் சொல்கிறோம். காலையில் படுக்கையைவிட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் ஆணி ஏறியதுபோல் குத்தும். டேனியல் ரிடிலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வலி இருந்த 50 பேரை, வலியில்லாத 100 பேரோடு ஒப்பிட்டார்கள். மூன்று விஷயங்கள் தனித்தனியே தெரிந்தன: கணுக்கால் மேல்நோக்கி மடங்காமல் இறுகியிருப்பது, மிகையான உடல் எடை, வேலை நேரத்தில் பெரும்பகுதி காலில் நிற்பது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு வலி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கே நிற்பது இவ்வளவு செய்தது என்றால், விடிகாலையில் ஓடிவிட்டு அதே காலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனைச் சொல்ல வேண்டியதில்லை.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தோலுக்கடியில் ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் உள்விளிம்பில் வரும் வலியை மைதானத்தில் எல்லோரும் ஷின் பெயின் என்பார்கள். காவலர் தேர்வுக்கு ஓடுகிறவர்களிடையே சர்வசாதாரணம். காரணம் கேட்டால் ‘சிமெண்ட் ரோட்டுல ஓடினேன் அண்ணே’ என்பார்கள். சிமெண்டின் மேல் ஓடியது அரை மணி. கிரானைட் தரையில் நின்றது அரை நாள். எலும்புக்கு அடி வாங்குவதைவிட ஆறுவதற்கு நேரம் கிடைக்காததுதான் சிக்கல். வலி எலும்பு முழுக்கப் பரவலாக இருக்கும்வரை தூரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஒரு விரல் வைத்து ‘இங்கேதான்’ என்று காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் குவிந்து, இரவு படுக்கையிலும் வலித்தால், எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நிற்பவர்களுக்காகச் சட்டம் ஒன்று இருக்கிறது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் பலனாக 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது: பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும், வேலைநேரம் முழுக்க நிற்க நேரக் கூடாது. சட்டசபையில் அது நிறைவேறியபோது மனிதாபிமானம் என்ற கோணத்தில் பேசப்பட்டது, அது சரிதான். ஒரு ஓட்டக்காரனின் கோணத்திலிருந்து பார்த்தால் அந்த முக்காலி சிகிச்சைப் பொருளும்கூட. மணிக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் உள்ளங்கால் பட்டைக்கும் கெண்டைக்காலுக்கும் ஓய்வு கிடைக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில்கூட, மேற்பார்வையாளர் என்ன நினைப்பாரோ என்று நிற்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். முக்காலி இருந்தும் உட்காரத் தயங்கும் அந்தப் பையனைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

தூக்கத்தில் இருவரும் ஏறக்குறைய ஒன்று. கணினிக்காரருக்கு அமெரிக்க நேரத்து அழைப்பு. கடைப் பையனுக்குக் கடை அடைத்து, சாப்பிட்டு, துணி துவைத்துப் படுக்கப் பதினொன்றரை. இருவருமே நாலரைக்கு அலாரம் வைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் பள்ளி விளையாட்டு வீரர்கள் 112 பேரிடம் நடந்த, 2014இல் வெளிவந்த ஆய்வில், இரவில் 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காய அபாயம் 1.7 மடங்கு இருந்தது. இதோடு மனஅழுத்தத்தையும் சேர்க்க வேண்டும். மனஅழுத்தம் கவனத்தையும் தசையின் இறுக்கத்தையும் மாற்றிக் காயத்துக்கு வழிவிடுகிறது என்று ஆண்டர்சன், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1988இலேயே ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். தேர்வுத் தேதி அறிவித்த வாரத்திலும், வேலையில் மதிப்பீடு நடக்கும் வாரத்திலும் கால் பிடித்துக்கொள்வது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வெயிலிலும் இருவரும் ஒன்றுதான். சூரியன் ஏறும் முன் ஓடி, குளிர்சாதன அறைக்குள் போய், இருட்டிய பின் வெளியே வருகிறார்கள். தலைக்கு மேல் இவ்வளவு வெயில் இருந்தும் நம் நகரவாசிகளிடம் வைட்டமின் டி குறைவு பரவலாகக் காணப்படுகிறது. ஃபின்லாந்தில் ராணுவப் பயிற்சி பெற்றுவந்த இளைஞர்களிடம் நடந்த, 2006இல் வெளியான ஆய்வு, அந்த வைட்டமின் குறைவாக இருந்தவர்களுக்கு எலும்பு விரிசல் கூடுதலாக வந்ததைக் காட்டியது.

மருந்துக்கடை விஷயத்தை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதை ஓட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வயிற்றுப்போக்கு என்றால் நம் ஊரில் மருத்துவர் சீட்டு இல்லாமலே சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த மாத்திரையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற மாத்திரைகளும் தசைநாணைப் பலவீனப்படுத்தக் கூடியவை. அரிதுதான், ஆனால் உறுதியானது. 2008இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நாண் வீக்கம், நாண் அறுதல் பற்றிய மிகக் கடுமையான எச்சரிக்கையை அவற்றின் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட வைத்தது. அதிகம் அடிபடுவது குதிகால் நாண். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மாத்திரையை நிறுத்திப் பல வாரம் கழித்தும் பாதிப்பு வரலாம். மருத்துவரே எழுதிக் கொடுத்தால் ‘நான் ஓடுகிறவன், வேறு மருந்து உண்டா’ என்று கேட்பதில் தவறில்லை. வலி மாத்திரையின் கதை வேறு. பன்னிரண்டு மணி நேரம் நின்ற வலிக்காக இரவு ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டவன், காலையில் வலியின் எச்சரிக்கை மங்கிய காலோடு ஓடுகிறான்.

எது எவருக்கு உதவும்? இரண்டு காலுக்கும் ஒரே அட்டவணை எழுதக் கூடாது. நாம் கையில் வைத்திருக்கும் பயிற்சி அட்டவணைகளில் பெரும்பாலானவை நாற்காலிக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. ‘ஓய்வு நாள்’ என்று போட்டிருந்தால் அன்று கால் ஓய்வெடுக்கும் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. கடைப் பையனுக்கு ஓய்வு நாள் என்பது ஓடாமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் நாள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை வைத்து நடந்த சோதனை 2008இல் வெளிவந்தது. வாரம் 10 சதவீதம் மட்டும் தூரத்தைக் கூட்டிய குழுவில் 20.8 சதவீதம் பேருக்குக் காயம், வழக்கமான முறையில் ஓடிய குழுவில் 20.3 சதவீதம். கிலோமீட்டரை மட்டும் எண்ணி எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

நாற்காலிக்காரருக்கு வேண்டியது சிறுசிறு அசைவு: முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து முட்டியை நீட்டுவது, வாரநாளில் இருபது நிமிடமாவது இரண்டு முறை ஓடி ஞாயிற்றுக்கிழமையின் ஏற்றத்தைக் குறைப்பது. நிற்கிறவருக்கு அசைவு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிறது. கூடுதலாகக் கெண்டைக்கால் பயிற்சி செய்யச் சொல்வது பல சமயம் எரிகிற இடத்தில் எண்ணெய். அவருக்கு முதலில் தேவை காலை உயர்த்தி வைத்து இருபது நிமிடம் படுப்பதும் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கமும்.

இருவருக்கும் பொருந்தும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பது. குதிகால் தரையைவிட்டுக் கிளம்பாமல் உட்கார முடிகிறதா? நம் பாட்டிமார்கள் அரிசி புடைத்ததும் அரிவாள்மனையில் காய் நறுக்கியதும் ஏறக்குறைய அந்த நிலையில்தான். குதிகால் கிளம்பினால் கணுக்கால் இறுகியிருக்க வாய்ப்புண்டு. ரிடில் கண்ட மூன்றில் மிக வலுவான காரணம் அதுதான். சுவரில் கை ஊன்றி, முழங்கால் சுவரைத் தொட, குதிகாலைத் தரையில் அழுத்தியபடி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி சில வாரங்களில் இதைத் தளர்த்தும். இதைச் செய்யக் கருவி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, இரண்டு ஜோடி. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களைக் கவனித்த, 2015இல் வெளிவந்த ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காய அபாயம் 39 சதவீதம் குறைவு என்றது. அமெரிக்காவில் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர்களிடம் 2010இல் வெளிவந்த ஆய்வும், வேலைநாள்களில் காலணியை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் குதிகால் வலி குறைவு என்றது. ஓடுகிறவருக்கும் நிற்கிறவருக்கும் தனித்தனியே வந்த ஒரே பதில் இது. கடைப் பையனிடம் இரண்டாவது ஓட்ட ஷூவுக்குக் காசு இருக்காது. ஆனால் தேய்ந்த ரப்பர் செருப்பை ஒதுக்கிவிட்டு, கடையில் நிற்பதற்கென்று கொஞ்சம் கனமான அடிப்பாகமும் பின்வாரும் உள்ள செருப்பு ஒன்று வாங்கலாம். அவன் காலில் அதிக நேரம் இருப்பது ஓட்ட ஷூ இல்லையே. வாங்கும்போது மாலையில் போய், வீங்கிய காலுக்கு அளவு பார்க்க வேண்டும்.

பயிற்சி கொடுக்கும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். மைதானங்களில் 1,500 மீட்டர் டைம் பார்ப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். எல்லோருக்கும் விடுமுறை என்ற கணக்கு அது. ஜவுளிக்கடைக்குச் சனிக்கிழமை கூட்டம் நெரிகிற நாள். அன்று இரவு கடை அடைக்கவும் நேரமாகும். முகூர்த்த மாதமென்றால் கேட்கவே வேண்டாம். பதின்மூன்று மணி நேரம் நின்ற காலை ஆறு மணி நேரத்தில் எழுப்பி, வாரத்தின் மிகக் கடினமான ஓட்டத்தை ஓட வைக்கிறோம். கடைப் பையன்களுக்கு வார விடுப்பு திங்களோ செவ்வாயோ புதனோ வரும். ஒவ்வொருவரிடமும் அந்த நாளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கு மறுநாள் காலையில் அவர்களுக்கு டைம் பாருங்கள்.